புட்டியில் ஒட்டின காகிதம்

பாட்டில் கொண்டுபோகாதவர்களுக்கு மிக்சர் கிடையாது. ஏரிக்கரை ஆஸ்பத்திரியில் அப்போது அதுதான் சட்டம். அதனாலேயே வீட்டில் தைலப் புட்டி எது காலியானாலும் ஆயா அதைச் சுடுதண்ணியில் கழுவி இறவாணத்தில் செருகி வைப்பாள். காய்ச்சல் வந்தால் முதலில் தேடுவது புட்டியைத்தான், அப்புறம்தான் செருப்பை.

லைட்ஹவுஸ் குப்பத்துக்காரர்கள் படகில்தான் வரவேண்டும், அப்போது பாலம் ஏது? துறையில் மடவையும் இறாலும் ஏலம் போகிற சத்தம், ஐஸ் உடைக்கிற சத்தம். அந்தக் கவிச்சியைத் தாண்டி ஆஸ்பத்திரிப் படியை மிதித்ததும் பினாயிலும் டிங்சரும் கலந்து ஒரு வாடை வரும்.

சன்னலுக்குப் பின்னால் கம்பவுண்டர் ஐயா. பெரிய ஜாடியிலிருந்து இளஞ்சிவப்பு மிக்சரைச் சாய்ப்பார், இஞ்சியும் பெப்பர்மிண்டுமாக மணக்கும். பிறகு ஒரு காகிதத் துண்டை ஓரத்தில் பல் பல்லாக வெட்டி, பசை தடவிப் புட்டியில் ஒட்டுவார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எழுத்து தெரியாத ஆயாவுக்கு ஒருநாளும் கணக்குத் தப்பியதில்லை. மாத்திரைகள் தகர டப்பாவிலிருந்து உதிரியாக வரும். எண்ணி, பழைய பேப்பரில் மடித்துத் தருவார். உப்பங்காற்றில் இரண்டு நாளில் பிசுபிசுத்துவிடும். டப்பாவே காலியாகக் கிடந்த நாளும் உண்டு. "ஸ்டாக் இல்லம்மா, பொன்னேரிக்குப் போய்ப் பாரு" என்பார், முகத்தைப் பார்க்காமல்.

1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்த பிறகுதான் அந்தப் பேச்சு குறைந்தது. மாவட்டக் கிடங்குகளின் இருப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக், இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று. வந்திறங்கிய மருந்தில் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்துச் சோதனைக்கு அனுப்பி, தேறினால்தான் வெளியே விட்டார்கள். உதிரி போய் அட்டை வந்தது. அட்டைக்குள் இருந்த மாத்திரையை உப்பங்காற்று தொடவில்லை. சும்மா சொல்லவில்லை, பல உயிரைக் காத்த ஏற்பாடு அது.

இப்போது இன்னும் ஒரு படி. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. திண்ணையில் உட்கார்ந்து அம்மாவுக்குப் பிரஷர் பார்த்துப் பதிந்துகொண்டு போகிறாள் ஒரு பெண். அம்மா அவளுக்கு மோர் கொடுக்கிறாள்.

கம்பவுண்டர் ஐயாவிடமும் ஒரு பதிவேடு இருந்தது, மண்டைக்குள். "உங்க நைனாவுக்கு இன்னிக்குப் பாடாடா?" என்பார். ஏரியில் இன்ன இடம் இன்றைக்கு இன்னாருக்கு என்று முறை வைத்து வலை கட்டுகிறோமே, அந்தப் பாடு. முறை வந்த அன்று காய்ச்சலே அடித்தாலும் எவனும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டான் என்று அவருக்குத் தெரியும். கையிலே புட்டியைக் கொடுத்து, "கரையேறினதும் குடிக்கச் சொல்லு" என்று அனுப்புவார். கெளுத்தி முள் குத்தினவனிடம் தண்ணியில் இறங்காதே என்று சொல்லிப் பயனில்லை என்றும் தெரியும். வயலட் மருந்தை இரண்டு நாளைக்குச் சேர்த்தே ஊற்றுவார். வாரம் தவறாமல் வரும் கிழவி ஒருத்தி வரவில்லையென்றால், அந்தத் தெருப் பிள்ளை எவனாவது சன்னலில் நிற்கும்போது விசாரித்துவிடுவார்.

போன மாசம் அம்மாவுக்குக் கண் மருந்து வாங்க அதே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் கோட்டைக்குப்பத்துப் பையன் ஒருவன், விரல் வீங்கி, துணி சுற்றிக்கொண்டு. கவுண்டரில் போன் நம்பர் கேட்டார்கள், சொன்னான். திரையில் பெயர் வந்தது, மாத்திரையும் களிம்பும் குறையில்லாமல் கிடைத்தன. வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தட்டிக்கொண்டே என்னிடம் சொன்னான்: "நாளைக்குப் பாடுண்ணே. இந்தக் கையோட எப்படி வலை இழுக்கறது?"