ஹெட்லைட்டைக் கொஞ்சம் கீழே பார்க்க வைப்போம்

உங்க கார் ஹெட்லைட் எவ்வளவு வெளிச்சம் அடிக்கும்னு கேட்டா எல்லாரும் பதில் சொல்லிடுவோம். அது எங்கே அடிக்குதுன்னு கேட்டா? பலருக்குத் தெரியாது. வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு அது சுலபமாகத் தெரியவும் தெரியாது. எதிரே வருபவருக்குத்தான் தெரியும்.

டாக்டருக்கும் ஹெட்லைட்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கலாம். சொல்றேன்.

நெடுஞ்சாலையை ஒட்டிய ஊரில் பல வருடங்கள் இரவுப் பணி பார்த்தவன் நான். விபத்தில் அடிபட்டு வருபவரிடம் எப்படி நடந்தது என்று கேட்டு பதிவேட்டில் எழுத வேண்டும். அப்போது திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியம் இது: "எதிர்ல வந்த வண்டி லைட்டு கண்ணுல அடிச்சுது சார். அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியல."

ரோட்டோரம் நின்ற கரும்பு டிராக்டரில் போய் மோதியவர் இருப்பார். மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர் மேல் மோதியவர் இருப்பார். ஆனா ஒரு விஷயம் கவனிங்க. கண்ணைக் கூச வைத்த அந்த வண்டி எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அதன் மேல் ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. அது பாட்டுக்கு ஊர் போய்ச் சேர்ந்திருக்கும். ஓட்டியவர் நல்ல மனிதராகவும் இருப்பார். பின்னால் என்ன நடந்ததுன்னு அவருக்குத் தெரியவே தெரியாது.

சரி, கண்ணுக்குள்ள என்ன நடக்குது?

நம் விழித்திரையில் இருட்டில் பார்ப்பதற்கென்றே தனி செல்கள் உண்டு. அவற்றில் ரோடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. கடும் வெளிச்சம் பட்டால் அந்த நிறமி சிதைகிறது. மறுபடி ஊற நேரம் பிடிக்கும். முழு இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம்கூட ஆகும். கண்ணின் பாப்பாவும் அப்படித்தான். வெளிச்சம் பட்டதும் சட்டென்று சுருங்கும், விரிவது மெதுவாகத்தான்.

இளம் கண் என்றால் சில நொடிகளில் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். ஆனா அந்த சில நொடி எவ்வளவு தூரம்? 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கும் மேல் போகிறோம். மூணு நொடின்னா 50 மீட்டர். கண்ணைக் கட்டிக்கிட்டு 50 மீட்டர் வண்டி ஓட்டச் சொன்னா ஓட்டுவோமா?

வயதான கண்ணுக்கு இது இன்னும் மோசம். என் அப்பாவுக்கு 71 வயது. பகலில் கண்ணாடி போட்டு பேப்பரை வரி விடாமல் படிப்பார். ராத்திரி கார் எடுப்பதை மட்டும் அவராகவே நிறுத்திவிட்டார். ஏம்ப்பான்னு கேட்டதுக்கு, "எதிர் வண்டி வந்தா கண்ணாடி பூரா பால் ஊத்துன மாதிரி ஆயிடுதுடா" என்றார். பரிசோதித்ததில் கண்புரை ஆரம்ப நிலை. புரை விழும் லென்ஸில், உள்ளே வரும் ஒளி சிதறி விழித்திரை முழுக்கப் பரவும். பகலில் பெரிதாகத் தெரியாது, ராத்திரி ஹெட்லைட் பட்டால் எல்லாம் வெளுத்துப்போகும். புரை இல்லாவிட்டாலும், 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, 20 வயதுக் கண்ணோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

இப்ப வண்டிக்கு வருவோம். கணக்கு ரொம்ப சின்னது.

லோ பீம் என்பது நேராகப் போகக் கூடாது. பெரும்பாலான கார்களில் சுமார் 1 சதவீதம் கீழ்நோக்கிச் சரிந்து போக வேண்டும். அதாவது 10 மீட்டர் தூரத்தில் 10 சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். விளக்கு தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், 50 மீட்டர் தள்ளி அந்த வெளிச்சத்தின் மேல் விளிம்பு 20 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். யார் கண்ணிலும் படாது.

அதே விளக்கு 1 சதவீதம் மேல்நோக்கித் திரும்பியிருந்தால்? அதே 50 மீட்டரில் 120 சென்டிமீட்டர் உயரம். எதிரே சின்ன கார் ஓட்டி வருபவரின் கண் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது.

இந்த வித்தியாசத்துக்கு யாரும் விளக்கை உடைக்க வேண்டியதில்லை. பின்சீட்டில் மூணு பேர், டிக்கி நிறைய சாமான். வண்டியின் பின்பக்கம் 5 சென்டிமீட்டர் அமுங்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 250 சென்டிமீட்டர் என்றால் அது 2 சதவீதம். மூக்கு தூக்கிக்கொள்ளும், வெளிச்சமும்தான். குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்பும் ஒவ்வொரு கார்லயும் இது நடக்குது.

இதுக்குத்தான் ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னச் சக்கரம் கொடுத்திருக்காங்க. எண் கூடக் கூட வெளிச்சம் கீழே இறங்கும். தனியாகப் போனால் 0. ஆளும் சாமானும் ஏறினால் எண்ணைக் கூட்டுங்க. எத்தனை பேர் அதைத் தொட்டிருக்கோம்?

சரி, வீட்டிலேயே பார்ப்பது எப்படி? வேண்டியது ஒரு சமதளமான இடம், ஒரு சுவர், டேப், ஸ்க்ரூடிரைவர். அவ்வளவுதான்.

டயர் காற்று சரியாக இருக்கட்டும். டிக்கியைக் காலி செய்யுங்க. ஓட்டுநர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும். அந்தச் சக்கரம் 0-வில் இருக்கட்டும்.

வண்டியைச் சுவருக்குப் பக்கத்தில் நேராக நிறுத்துங்க. ஒவ்வொரு விளக்கின் நடுப்பகுதிக்கும் நேராகச் சுவரில் குறி போட்டு, இரண்டையும் இணைத்து டேப்பில் படுக்கைக் கோடு ஒட்டுங்க. அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. இப்போது வண்டியை நேராகவே 10 மீட்டர் பின்னால் எடுங்க. இடம் இல்லையா? 5 மீட்டர் போதும், ஆனா கீழ்க்கோடு 5 சென்டிமீட்டரில் இருக்கணும்.

இருட்டியதும் லோ பீம் போடுங்க. ஒரு விளக்கைத் துணியால் மறைத்து மற்றதைப் பாருங்க. சூடேறும் விளக்கு, துணியை ரொம்ப நேரம் விடாதீங்க. சுவரில் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே ஒரு விளிம்பு தெரியும். நாம் இடதுபக்கம் ஓட்டுவதால் அது இடது ஓரத்தில் மேலே ஏறும், வலதுபக்கம் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டையான விளிம்பு கீழ்க்கோட்டில் உட்கார வேண்டும்.

உட்காரவில்லை என்றால், பானெட்டைத் திறந்து விளக்குக்குப் பின்னால் பாருங்க. மேல் கீழாக நகர்த்த ஒரு திருகு, பக்கவாட்டுக்கு இன்னொன்று இருக்கும். எது எதுன்னு வண்டியோட கையேட்டில் இருக்கும், சரிவு எத்தனை சதவீதம் என்பதையும் அதில் பார்த்துக்கோங்க. கால் சுற்று திருப்பி, சுவரைப் பார்த்து, மறுபடி கால் சுற்று. அவசரம் வேண்டாம்.

ரொம்பக் கீழே இறக்கிடாதீங்க. 2.5 சதவீதம் இறங்கினால் 28 மீட்டரிலேயே வெளிச்சம் தரையில் முடிந்துவிடும். 60 வேகத்தில் அது இரண்டு நொடிகூட இல்லை, பிரேக் பிடிப்பதற்குள் அந்தத் தூரம் தீர்ந்துவிடும். அடுத்தவர் கண்ணும் பிழைக்கணும், நம்ம வண்டி முன்னால் வரும் ஆளும் பிழைக்கணும்.

இதையெல்லாம் செய்தும் சுவரில் தெளிவான விளிம்பே தெரியவில்லையா? பல்பு சரியாக உட்காரவில்லை, அல்லது ஹாலோஜனுக்காகச் செய்த விளக்கில் வெளியில் வாங்கிய எல்.இ.டி. பல்பை மாட்டியிருக்காங்க. ஒளி பிறக்கும் இடம் கொஞ்சம் மாறினாலும் கண்ணாடிக் கிண்ணம் அதை எல்லாத் திசையிலும் இறைக்கும். திருகைத் திருப்பி அதைச் சரி செய்ய முடியாது. பழைய பல்பே நல்லது. தானாகச் சரிசெய்துகொள்ளும் விளக்குள்ள வண்டிகளை மட்டும் ஒர்க்ஷாப்புக்கே கொண்டு போங்க.

இது நல்ல பழக்கம் மட்டுமில்ல, சட்டமும்தான். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 106-ஆவது விதி, முன்விளக்கின் ஒளி எதிரில் இருப்பவர் கண்ணைக் கூசச் செய்யாதபடி கீழ்நோக்கி இருக்க வேண்டும், அல்லது ஓட்டுபவர் அப்படி இறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது.

எதிர் வண்டி உங்க கண்ணைக் கூச வைத்தால்? பதிலுக்கு ஹை பீம் போடாதீங்க, ஒருத்தருக்குப் பதிலா ரெண்டு பேர் குருடாகி நேருக்கு நேர் வருவதுதான் மிச்சம். வேகத்தைக் குறைத்து, பார்வையைச் சாலையின் இடது ஓரக் கோட்டுக்கு மாற்றுங்க. ராத்திரிக்குன்னு விற்கும் மஞ்சள் கண்ணாடி வேண்டாம், இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் அது குறைக்கும். முன்கண்ணாடியை உள்பக்கமும் துடைங்க. 50 வயது தாண்டியவர், சர்க்கரை உள்ளவர் வருடம் ஒரு முறை கண்ணைக் காட்டுங்க. ராத்திரி ஓட்டச் சிரமமா இருக்குன்னா அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்க.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரைமணி நேரம் போதும். உங்களுக்கு யாரும் நன்றி சொல்ல வரமாட்டாங்க. உங்களைக் கடந்து பத்திரமாகப் போனவருக்கு நீங்க யாருன்னே தெரியாது. தெரிய வேண்டாம். அவர் வீடு போய்ச் சேர்ந்தால் போதும்.