பட்டா இல்லாத அலைவரிசை

கீசரைப் போட்டுவிட்டு, போட்டதையே மறந்து கோயிலுக்குக் கிளம்பிவிடுவார் அம்மா. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரன்ட் பில்தான் அதை ஞாபகப்படுத்தும். போன தடவை கும்பகோணம் போனபோது 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் ஒன்றை வாங்கிப் போனேன். சென்னையில் உட்கார்ந்தபடி போனிலேயே கீசரை அணைத்துவிடலாம் என்பது கணக்கு. ஐந்தே நிமிட வேலை என்றது அட்டைப்பெட்டி. ஒன்றரை மணி நேரம் கழித்தும் பிளக் நீல விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. வைஃபையோடு சேரவே இல்லை.

கஸ்டமர் கேர் பெண் பொறுமைசாலி. "உங்க போன் அஞ்சு ஜிகாஹெர்ட்ஸ்ல இருக்கும் சார். ரெண்டு புள்ளி நாலுக்கு மாத்திட்டு ட்ரை பண்ணுங்க."

"வைஃபைக்கு ஒரே பேர்தானே காட்டுது?"

"பேர் ஒண்ணுதான் சார். உள்ள ரெண்டு இருக்கு."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "ஒரே வீட்டுக்கு ரெண்டு வாசலா? இது ஏன்டா ஒரு வாசல்ல மட்டும்தான் வருமாம்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. தேடல் அங்கேதான் தொடங்கியது.

முதலில் போய் நின்றது தெருமுனை எலக்ட்ரிக்கல் கடை. கெட்டுப்போன ஸ்மார்ட் பிளக் ஒன்று கடைக்கார அண்ணனின் டிராயரில் கிடந்தது. "கழட்டிப் பாருங்க தம்பி, கரன்ட்ல மட்டும் சொருகிடாதீங்க" என்று கொடுத்தார். உள்ளே ஒரு ரிலே, கொஞ்சம் கெபாசிட்டர்கள், நகம் அளவுக்கு ஒரு தகர மூடி. மூடியின் ஓரத்தில், பச்சைப் பலகையிலேயே செம்புக் கோடு ஒன்று கோலம்போல் வளைந்து வளைந்து ஓடியது. அதுதான் ஆன்டெனா. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், அதில் கால்பங்கு, மூன்று சென்டிமீட்டர் சொச்சம். அந்த அளவை ஒட்டித்தான் இத்தகைய கோட்டை இழுக்கிறார்கள். இடம் போதாததால் மடித்துவிட்டார்கள். 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை இதில் பாதியைவிடக் குறைவு.

மூடிக்கு அடியில் இருந்த சிப் 'இ.எஸ்.பி. 8266'. சிங்கப்பூர்க்காரரான தியோ ஸ்வீ ஆன் 2008இல் ஷாங்காயில் தொடங்கிய எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் சரக்கு. 2014இல் இந்தச் சிப்பை வைத்த சிறு பலகைகள் ஐந்து டாலர் அளவில் சந்தைக்கு வந்தபோது, சீன மொழிக் குறிப்புகளை வைத்துக்கொண்டு உலகெங்கும் பொழுதுபோக்குப் பொறியாளர்கள் அதைக் குடைந்தார்கள். பல்பு, பிளக், மீன்தொட்டி விளக்கு என எதையும் வைஃபையில் சேர்ப்பது அதன்பிறகு மலிவாகிவிட்டது. அந்தச் சிப்புக்குத் தெரிந்தது 2.4 மட்டும். 5க்கும் சேர்த்துப் பேச வேண்டுமானால் அதற்கென்று தனிப் பெருக்கி, தனி வடிப்பான் எல்லாம் வேண்டும், காசு ஏறும். 'அணை', 'போடு' என்ற இரண்டே சொல்லைக் கேட்கும் பிளக்குக்கு அவ்வளவு வேகம் எதற்கு?

போனிலிருந்து பாஸ்வேர்ட் பிளக்குக்குப் போகும் விதம்தான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்துப்போனது. பிளக் இன்னும் நெட்வொர்க்கில் சேரவில்லை. உள்ளே பறக்கும் செய்தி எல்லாம் பூட்டுப்போட்டது, அதனால் படிக்க முடியாது. ஆனால் பூட்டிய பெட்டியின் உள்ளே இருப்பது தெரியாவிட்டாலும் பெட்டி பெரிதா சிறிதா என்பது வெளியிலிருந்தே தெரியுமல்லவா? போன், வேண்டுமென்றே வெவ்வேறு நீளமுள்ள செய்திகளை அனுப்புகிறது. அந்த நீளங்கள்தான் எழுத்துகள். பிளக் சானல் சானலாகத் தாவி ஒட்டுக்கேட்டு, நீளங்களைக் கோத்துப் பாஸ்வேர்டைப் படித்துக்கொள்கிறது. நம் ஊர்த் திண்ணைகளில் நடக்கும் சைகைப் பேச்சுக்கு இது ஒன்றும் குறைந்ததில்லை.

போன் 5இல் இருந்தால் இந்தச் சைகை பிளக்கின் காதில் நேராக விழாது. சில ரவுட்டர்கள் அதை 2.4 பக்கமும் திருப்பிச் சொல்லும், சில சொல்லாது. பிளக் தானே ஒரு குட்டி வைஃபையைக் கிளப்பி, போனைத் தன்னிடம் வரவழைத்துப் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கும் இன்னொரு வழியும் உண்டு. புதிய பிளக்குகள் பல புளூடூத்தில் காதோடு காதாகக் கேட்டுக்கொள்கின்றன. எப்படியானாலும் சிக்கல் அறிமுகத்தின்போது மட்டும்தான். ஒருமுறை சேர்ந்துவிட்டால் போன் 5இலும் பிளக் 2.4இலும் இருக்கலாம், நடுவில் ரவுட்டர் தரகு வேலை பார்க்கும்.

சரி, மலிவு என்றால் ஏன் 2.4தான் மலிவு? 1999இல் ஒரே நேரத்தில் இரண்டு வைஃபை தரங்கள் வந்தன. 5 ஜிகாஹெர்ட்ஸில் வந்த 802.11ஏ வேகம் 54 மெகாபிட், 2.4இல் வந்த 802.11பி வேகம் 11. முயல் தோற்றது. 5க்கான சிப் செய்வது அப்போது கடினம், அதன் அலை சுவரில் சீக்கிரம் தேய்ந்துபோகும். ஆப்பிள் தன் ஐபுக் மடிக்கணினியில் 2.4ஐத்தான் எடுத்துக்கொண்டது. கூட்டம் சேர்ந்த இடத்தில் விலை இறங்கியது.

ஆனால் அந்த 2.4 எப்படித் திறந்தவெளியாகக் கிடைத்தது? அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யில் மைக்கேல் மார்கஸ் என்ற பொறியாளர் இருந்தார். அவர் முன்னின்று வாதாடிய விதி 1985 மே மாதம் நிறைவேறியது. லைசென்ஸ் வாங்காமலே, அலையை அகலமாகப் பரப்பிப் பேசும் கருவிகளுக்கு மூன்று பட்டைகள் திறக்கப்பட்டன. அவற்றில் நடுவில் இருந்தது 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை. யாருக்கும் வேண்டாத இடம் என்பதாலேயே சாத்தியமான அனுமதி அது. முதலில் அதில் ஆர்வம் காட்டியவர்களில் ஒருவர் கல்லாப்பெட்டி செய்கிறவர். கடைகளில் கல்லாவை நினைத்த இடத்துக்கு நகர்த்தக் கம்பி தடையாக இருந்ததால், என்.சி.ஆர். நிறுவனம் கம்பியில்லா வழி தேடியது. அங்கிருந்து வந்த நெதர்லாந்துக்காரர் விக் ஹேய்ஸ்தான் 802.11 குழுவைப் பத்தாண்டுகள் தலைமையேற்று நடத்தினார்.

ஏன் அது வேண்டாத இடம்? இதற்கான பதில் சமையலறையில் இருந்தது.

ரேடாருக்கு மேக்னட்ரான் என்ற மைக்ரோவேவ் குழாய் செய்துகொண்டிருந்த ரேதியன் நிறுவனத்தில், பெர்சி ஸ்பென்சரின் சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகிய கதை பலருக்கும் தெரியும். மைக்ரோவேவில் உணவைச் சமைக்கும் முறைக்கு அவர் 1945இல் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 1947இல் அமெரிக்காவின் அட்லான்டிக் சிட்டியில் கூடிய சர்வதேச வானொலி மாநாடு, 2450 மெகாஹெர்ட்ஸை மையமாக வைத்து ஒரு பட்டையைத் தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று ஒதுக்கியது. சூடாக்கும் கருவிகள் அங்கே இரைந்துகொள்ளலாம். பேச வருகிறவர்கள் அந்த இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் மூலக்கூறு 2.45இல்தான் அதிரும் என்பதால் அந்த எண் என்று பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லித்தருகிறார்கள். அது கட்டுக்கதை. தண்ணீர் மிக அதிகமாக உறிஞ்சுவது இன்னும் பல மடங்கு உயர்ந்த அதிர்வெண்ணில். பெரிய தொழிற்சாலை அடுப்புகள் 915 மெகாஹெர்ட்ஸிலும் சூடாக்குகின்றன.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், செல்போன் நிறுவனங்கள் ஏலத்தில் எடுத்தவை பட்டா நிலங்கள். 2.4 புறம்போக்கு. சூளை போட்டவன் புகை விடுவான், ஆடு மேய்ப்பவனும் வருவான், யாரும் யாரையும் விரட்ட முடியாது. அம்மாவின் பிளக் குடிசை போட்டிருப்பது அங்கேதான். இந்தியா இந்தப் பட்டைக்கு லைசென்ஸ் தேவையில்லை என்ற விதிகளை 2005 ஜனவரியில் வெளியிட்டது. 5 ஜிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸ் தாராளமாகத் திறந்தது 2018இல்தான். 2.4இன் 83.5 எங்கே, 5இன் 605 எங்கே! ஆனாலும் வாழ்ந்து பழகிய தெருவை மலிவுச் சிப்புகள் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. இரண்டு பட்டையும் தெரிந்த சிப்பை எஸ்பிரெசிஃப் அறிவித்ததே 2022இல்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் கீசர் பிளக் சிமிட்டிக்கொண்டுதான் இருந்தது. ரவுட்டரில் இரண்டையும் பிரிக்கலாமென்றால் அட்மின் பாஸ்வேர்ட் இல்லை. மாட்டிவிட்டுப் போன பையன் போனை எடுக்கவில்லை. கடைசியில் போனைக் கையில் பிடித்தபடி கொல்லைப்புறத்துக்கு நடந்தேன். பழைய வீடு, ஒன்றரை அடிச் சுவர்கள். ரவுட்டர் முன்கூடத்தில். இரண்டாம் கட்டைத் தாண்டும்போது 5இன் சிக்னல் சோர்ந்தது. கிணற்றடிக்கு வந்ததும் வைஃபை விவரத்தில் 2.4 என்று தானாக மாறியது. குளியலறை அங்கேயேதான். ஆப்பில் மறுபடி அழுத்தினேன். இருபது விநாடியில் நீல விளக்கு சிமிட்டுவதை நிறுத்தியது.

"சேர்ந்துடுச்சாடா?" என்றார் அம்மா, துவைகல் பக்கமிருந்து.

சென்னை திரும்பிய மூன்றாம் நாள் ஆப்பைத் திறந்தால் 'ஆஃப்லைன்' என்று காட்டியது. ரவுட்டரா, சுவரா, பக்கத்து வீட்டு மைக்ரோவேவா என்று நான்கு விதமாக யோசித்துவிட்டு அம்மாவுக்கு போன் போட்டேன்.

"அதுவா? சுவத்துலயே சுவிட்சை அணைச்சுட்டேன்டா. இப்பல்லாம் குளிச்ச கையோட அணைச்சுடுறேன். ராத்திரியெல்லாம் அந்த லைட்டு எரிஞ்சிக்கிட்டே இருக்கு, கரன்ட் வீணாப் போகாதா?"