நிலையான வட்டியும் நிறைவடையாத நமது பதிலும்



மார்க்கச் சட்டம் கேட்டு வருவோருக்கு விடையளிக்கும் பொறுப்பு நம்மைப் போன்ற மத்ரஸா ஆசிரியர்களின் தோள்மீது இருக்கிறது. விடை சரியாக இருந்தால் மட்டும் போதுமா? இக்கேள்வி சில ஆண்டுகளாக நம்மை உறுத்திக் கொண்டிருக்கிறது. அதற்குக் காரணமான ஒரு நிகழ்வை இங்கே எழுதுகிறோம்.

2020ஆம் ஆண்டின் இறுதி. இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பிய வேளையில் அமெரிக்காவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. சிறு வயதில் நம்மிடம் மக்தபில் ஓதிய மாணவர். பொறியியல் படித்து அங்கே வேலையில் அமர்ந்து, மனைவி மக்களோடு வாடகை வீட்டில் வசித்து வந்தார்.

“ஹஜ்ரத், இங்கே வீட்டுக் கடனுக்கு வட்டி மூன்று சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. முப்பது வருடத்துக்கு அது மாறாது. கூட வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் வீடு வாங்குகிறார்கள். நான் என்ன செய்ய?”

“தம்பி, மூன்றானாலும் முப்பதானாலும் வட்டி வட்டிதான். பொறுமையாக இருங்கள். அல்லாஹ் வேறு வழியைத் திறப்பான்” என்றோம்.

“நல்லது ஹஜ்ரத், துஆச் செய்யுங்கள்” என்று கூறி வைத்துவிட்டார். உரையாடல் ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. மார்க்கத்தின் வரம்பைக் காத்த திருப்தியோடு அன்றிரவு உறங்கினோம்.

2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் மீண்டும் அழைத்தார். இடைப்பட்ட காலத்தில் வாடகை ஏறியிருந்தது. வீட்டு உரிமையாளர் வீட்டை விற்றுவிட்டதால் ஒருமுறை இடம் மாறி, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் மாற்றியிருந்தார். வட்டி விகிதமோ எட்டை நெருங்கிக் கொண்டிருந்தது. அவர் நம்மைக் குறை கூறவில்லை. கூறியிருந்தால் மனம் சற்று இலேசாகியிருக்கும். “ஹஜ்ரத், இங்கே வட்டியில்லாமல் கூட்டு உரிமை முறையில் வீடு தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒப்பந்தப் பத்திரத்தை அனுப்பி வைக்கவா? படித்துப் பார்த்துச் சொல்வீர்களா?” என்று மட்டும் கேட்டார்.

பத்திரம் வந்தது. அதைப் படித்து விளங்கும் தகுதி நமக்கு இல்லை என்பது முதல் இரண்டு பக்கங்களிலேயே தெரிந்துவிட்டது. கொடுக்கல் வாங்கல் பாடத்தை ஆண்டுதோறும் நடத்தும் நாம், ஒரு சாமானிய மனிதர் தமது வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய கொடுக்கல் வாங்கலைப் பற்றி ஏதும் அறியாதிருந்தோம். அதன் பிறகே அமர்ந்து படிக்கத் தொடங்கினோம். படித்ததில் சிலவற்றைப் பகிர்ந்து கொள்கிறோம்.

முப்பது ஆண்டுகளுக்கு மாறாத வட்டி என்பது அமெரிக்காவில் ஆதிமுதல் இருந்த வழக்கமன்று. 1930களுக்கு முன்பு அங்கே வீட்டுக் கடன் பெரும்பாலும் ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்கே கிடைத்தது. விலையில் பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டும். தவணைக் காலம் முழுவதும் வட்டியை மட்டும் கட்டிவிட்டு, முடிவில் அசலை மொத்தமாகத் திருப்பித் தர வேண்டும். முடியாதவர் கடனைப் புதுப்பித்துக் கொள்வார். 1929இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சியில் புதுப்பிக்க எவரும் முன்வராதபோது, வீடுகள் சாரை சாரையாக ஏலத்துக்குச் சென்றன. 1933இல் அரசே ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தி, ஏறத்தாழ பத்து இலட்சம் வீட்டுக் கடன்களை ஏற்று, அவற்றை நீண்ட தவணைக் கடன்களாக மாற்றியது. 1934இல் கடன்களுக்குக் காப்புறுதி அளிக்கும் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் உருவானது. அசலும் வட்டியும் கலந்த சமமான மாதத் தவணை பரவலானது இதன் பின்னரே. தவணைக் காலம் படிப்படியாக நீண்டு, முப்பது ஆண்டுகளை எட்டியது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழங்கப்பட்ட கடன்களில் வட்டியின் உச்சவரம்பு தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்தது.

1971 ஏப்ரல் முதல் ஃபிரெட்டி மேக் என்னும் நிறுவனம் வாரந்தோறும் சராசரி வட்டி விகிதத்தைத் திரட்டி வெளியிடுகிறது. அந்த முதல் வாரத்தில் முப்பது ஆண்டு நிலையான வட்டி 7.33 சதவீதம். பின்னர் எண்ணெய் விலை ஏறியது, பணவீக்கம் பெருகியது, வட்டியும் கூடவே ஏறியது. 1979இல் அமெரிக்க மத்திய வங்கியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற பால் வோல்க்கர், பணவீக்கத்தை ஒடுக்கியே தீருவது என்று முடிவு செய்தார். வங்கிகளுக்கிடையிலான குறுகியகால வட்டி 20 சதவீதத்தைத் தொட்டது. 1981 அக்டோபரில் வீட்டுக் கடனின் வட்டி 18.63 சதவீதமாகியது, அதுவே இன்றுவரை உச்சம். வேலையிழந்த வீடு கட்டுநர்கள் மரத்துண்டுகளில் தம் முறையீட்டை எழுதி வோல்க்கருக்கு அஞ்சலில் அனுப்பினர். வீடு கட்ட உதவாத மரம், கடிதம் எழுதவாவது உதவியது!

அதன் பின்னர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இறக்கமே பெரும்போக்காக இருந்தது. 1990இல் சுமார் 10 சதவீதம். 1998இல் 7க்கும் கீழே. 2000இல் மீண்டும் 8க்கு மேல். 2003இல் 6க்கும் கீழே. 2008இன் நிதி நெருக்கடிக்குப் பின் மத்திய வங்கியே வீட்டுக் கடன் பத்திரங்களைப் பெருமளவில் வாங்கத் தொடங்கியது. 2012 நவம்பரில் 3.31 சதவீதம். கொரோனாத் தொற்றுக் காலத்தில், 2021 ஜனவரி முதல் வாரத்தில், 2.65 சதவீதம், வரலாற்றிலேயே மிகத் தாழ்ந்த அளவு அது. நம் மாணவர் கேட்டது அந்த நாட்களையொட்டித்தான். பிறகு பணவீக்கம் திரும்பியது. 2022 மார்ச் முதல் 2023 ஜூலை வரை மத்திய வங்கி தன் வட்டியைப் பதினொரு முறை உயர்த்தியது. 2023 அக்டோபர் இறுதியில் வீட்டுக் கடன் வட்டி 7.79 சதவீதத்தில் நின்றது.

எண்களாகப் படிக்கும்போது இவை மனதில் தைப்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். மூன்று இலட்சம் டாலர் கடன், முப்பது ஆண்டுத் தவணை. 2.65 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 1,209 டாலர். 7.79 சதவீதத்தில் 2,158 டாலர். 18.63 சதவீதத்தில் 4,676 டாலர். முதலாமவர் முப்பது ஆண்டுகளில் கட்டும் வட்டி ஏறத்தாழ 1,35,000 டாலர். இரண்டாமவர் கட்டுவது ஏறத்தாழ 4,77,000 டாலர். இரண்டாமவரின் முதல் மாதத் தவணையில் வட்டிக்குப் போவது 1,947 டாலர். அசலில் கழிவதோ வெறும் 210 டாலர்!

ஒரே தெரு, ஒரே அளவு வீடு, ஒரே சம்பளம். கையெழுத்திட்ட மாதம் மட்டுமே வேறு. அதற்காக ஒருவர் மற்றவரைவிட மாதம் 900 டாலருக்கு மேல் கூடுதலாகக் கட்டுகிறார். குறைந்த வட்டியில் வாங்கியவர்களோ, வீட்டை விற்றால் அடுத்த வீட்டுக்கு உயர்ந்த வட்டி கட்ட நேரும் என்றஞ்சி விற்காமல் இருந்துவிடுகிறார்கள். சந்தைக்கு வீடுகள் வருவது குறைகிறது. வட்டி ஏறியும் விலை இறங்குவதில்லை. வாசலில் காத்து நிற்பவர் இரண்டு பக்கமும் இடிபடுகிறார்.

‘நிலையானது’ என்ற சொல் யாருக்கு நிலையானது என்பதையும் யோசித்தோம். 1970களில் குறைந்த வட்டிக்கு நீண்டகாலக் கடன் கொடுத்திருந்த அமெரிக்கச் சேமிப்பு மற்றும் கடன் சங்கங்கள், 1980களின் தொடக்கத்தில் வைப்புத்தொகைக்கு அதைவிட மிக அதிக வட்டி கொடுக்க நேர்ந்தது. கடனாளியின் வீட்டில் நிலைத்து நின்ற வட்டி, கடன் கொடுத்தவரின் பெட்டியை ஓட்டையாக்கியது. அந்த ஓட்டையை அடைக்கத் துணிகரமான முதலீடுகளில் இறங்கியபோது நிலைமை மேலும் சீர்கெட்டது. 1986க்கும் 1995க்கும் இடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சங்கங்கள் மூழ்கின. வரி செலுத்தும் பொதுமக்கள் தலையில் விழுந்த சுமை சுமார் 12,400 கோடி டாலர். எதிர்காலத்தை அறியாத மனிதன் முப்பது ஆண்டுகளுக்கு ஒரு விலையை எழுதி வைக்கும்போது, அந்த அறியாமையின் சுமை மறைந்துவிடுவதில்லை; வேறொருவர் தோளுக்கு மாறுகிறது, அவ்வளவே.

வட்டியை அல்லாஹ் தடுத்திருப்பதன் நியாயங்களுள் ஒன்று இவ்வரலாற்றில் நமக்குத் துலங்கியது. அல்பகரா அத்தியாயத்தில் வட்டியைப் பற்றிய வசனங்களை அடுத்தே, சிரமத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் அளிக்கும்படி கூறும் 280ஆம் வசனம் வருகிறது. 2008இல் இலட்சக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்து வெளியேறிய நிலத்தை நினைத்தபடி அவ்வசனத்தை ஓதினால், கண் கலங்காமல் கடந்துபோக இயலாது.

எனவே நாம் அன்று கூறிய சட்டத்தில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. 1999இல் ஃபத்வாவுக்கும் ஆய்வுக்குமான ஐரோப்பியப் பேரவை, மாற்று வழி கிடைக்காத முஸ்லிம்கள் குடியிருக்கும் ஒரே வீட்டுக்காக, தேவையின் அடிப்படையில் வங்கிக் கடன் பெறலாம் என்று கூறியதையும், உலமாக்களில் பலர் அதை மறுத்ததையும் அறிவோம். மறுத்தவர்களின் பக்கமே நம் மனம் நிற்கிறது. ஆனால் நமது தவறு வேறிடத்தில் இருந்தது.

அமெரிக்காவில் மாற்று வழி 2020இல் ஏற்கெனவே திறந்தே இருந்தது. வங்கிகளைக் கண்காணிக்கும் அந்நாட்டு அரசு அலுவலகம் 1997இல் இஜாரா முறையையும், 1999இல் முராபஹா முறையையும் வீட்டு நிதிக்கு அனுமதித்திருந்தது. குறைந்து செல்லும் கூட்டுரிமை எனப்படும் முஷாரகா முதனாகிஸா முறையில், நிறுவனமும் வாங்குபவரும் சேர்ந்து வீட்டை வாங்குவார்கள். வாங்குபவர் நிறுவனத்தின் பங்கைப் பயன்படுத்துவதற்குக் கட்டணம் செலுத்திக்கொண்டே, அப்பங்கைச் சிறிது சிறிதாகத் தம் பெயருக்கு வாங்கிக் கொள்வார். இதை நாம் கிதாபில் படித்திருந்தோம். நம் மாணவரின் ஊரில் அது ஓர் அலுவலகமாக இயங்குகிறது என்பதை அறிய முயலவில்லை. “வேறு வழியை அல்லாஹ் திறப்பான்” என்றோம். அவன் திறந்து வைத்திருந்ததை நாம் தேடிப் பார்க்கவில்லை.

“ஹஜ்ரத், இவர்களும் வங்கி வட்டியைப் பார்த்துத்தானே தங்கள் கட்டணத்தை வைக்கிறார்கள்? அப்படியானால் என்ன வித்தியாசம்?” என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. பக்கத்து வீட்டுப் படியை வாங்கி அளந்தாலும், நெல் நம்முடையதாக இருந்தால் அது நம் நெல்தான். ஆனால் படிக்குள் நெல் இருக்கிறதா, வெறும் பதரா என்று பார்ப்பது கடமை. ஆகவே பத்திரத்தில் மூன்றைத் தேடினோம். வீடு அழிந்தால் நிறுவனம் தன் பங்கின் நட்டத்தைத் தானே ஏற்கிறதா? தவணை தாமதமானால் விதிக்கும் தொகை அதற்கு இலாபமாகச் சேர்கிறதா? வீட்டை விற்று நட்டம் வந்தால், வாங்கியவரின் ஏனைய சொத்துக்களின் மீது கை வைக்குமா? ஆங்கிலச் சட்டச் சொற்களை அவர் தொலைபேசியில் விளக்க, ஃபிக்ஹின் விதிகளை நாம் விளக்க, இத்துறையில் நம்மைவிட அறிந்த ஆலிம்களிடமும் கேட்டு, பல வாரங்கள் கழித்தே மனம் ஒப்பியது.

2024இல் அவர் கையெழுத்திட்டார். சிறிய வீடு, அலுவலகத்திலிருந்து தொலைவு. “மனம் நிம்மதியாக இருக்கிறது ஹஜ்ரத். இந்தப் பத்திரத்தை 2020இலேயே நாம் சேர்ந்து படித்திருந்தால்...” என்று தொடங்கி, நிறுத்திக் கொண்டார். சந்தையோடு சேர்ந்து இந்நிறுவனங்களின் கட்டணமும் அன்று தாழ்ந்தே இருந்தது. ஹலாலான வழியிலேயே, பெரிய வீடொன்று குறைந்த தவணையில் அவருக்குக் கிடைத்திருக்கக் கூடும். அவர் கூடுதலாகக் கட்டும் தொகை மார்க்கத்தைப் பேணியதற்கான விலையன்று; அவருடைய ஆசிரியரின் அறியாமைக்கான விலை. அதை மார்க்கத்தின் கணக்கில் எழுதுவது மார்க்கத்துக்கு நாம் இழைக்கும் அநீதியாகும்.

இப்போது கொடுக்கல் வாங்கல் பாடத்தின்போது மாணவர்களிடம் கரும்பலகையில் அந்த மூன்று இலட்சம் டாலர் கணக்கைப் போட்டுக் காட்டுகிறோம். நாளை உங்களிடம் ஒருவர் கேட்டு வந்தால், ‘கூடாது’ என்ற சொல்லோடு அவரை வாசலிலிருந்து அனுப்பிவிடாதீர்கள். உட்காரச் சொல்லுங்கள், பத்திரத்தை வாங்கிப் படியுங்கள், தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள் என்று சொல்லிக் கொடுக்கிறோம்.

வட்டியின் பிடியிலிருந்து நம் அனைவரின் குடும்பங்களையும் அல்லாஹ் காப்பானாக. வாடகை வீட்டில் பொறுமையோடு காத்திருக்கும் சகோதரர்களுக்குப் பரக்கத்தான சொந்த வீட்டை அளிப்பானாக. அறிந்ததாக எண்ணி நாம் அளித்த அரைகுறை விடைகளை மன்னித்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.