கை மாறிய படலம்

நாற்பத்தாறு வயதில் மின்கிதார் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று நான் அறிவித்தபோது வீட்டில் எவரும் சிரிக்கவில்லை. மனைவி மட்டும், "என்னங்க, காலேஜ்ல ஏதும் பிரச்சினையா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பிரச்சினை ஏதுமில்லை. இருபதாண்டுகளாக இளங்கலை மாணவர்க்கு நன்னூல் நடத்தி வருபவனுக்கு ஆறு கம்பிகளின் மேல் ஆசை வந்தது என்றால் நம்புவது கடினந்தான். ஆனால் அந்த ஆசை பழையது. 1982இல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்துப் பாடலொன்றின் கிதார் ஒலியைத் தேநீர்க்கடை வானொலியில் கேட்டு வளர்ந்த தலைமுறை என்னுடையது. கடையில் நின்று கேட்ட சிறுவனுக்கு அக்கருவியை வாங்கித் தர அன்று யாரும் இல்லை. வாங்கும் நிலை வந்தபோது வீட்டுக்கடனும் முனைவர் பட்ட ஆய்வேடும் வந்துவிட்டன.

மின்கிதார்தான் வேண்டும் என்று முடிவு செய்தவர் என் பழைய மாணவர் ஒருவர். தேவாலயப் பாடற்குழுவில் பல ஆண்டுகளாக வாசித்து வருபவர். "ஐயா, நாற்பதுக்கு மேல தொடங்குறவங்களுக்கு எலெக்ட்ரிக்தான் நல்லது. கம்பி மெல்லிசு, கழுத்தும் ஒல்லி, விரலுக்கு அவ்வளவா சிரமம் தராது. ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டீங்கன்னா அம்மா தூக்கமும் கெடாது" என்றார். எழுபத்தாறு வயதான என் தாய் எங்களோடு இருப்பது அவருக்குத் தெரியும்.

மதுரையில் ஓர் இசைக்கருவிக் கடைக்கு இருவரும் சென்றோம். சுவர் முழுக்கக் கிதார்கள் தொங்கின. கடைக்காரர் ஒன்றை இறக்கி என் கையில் தந்தார். நான் அதன் கழுத்தை வலக்கையால் பற்றி, உடற்பகுதியை இடப்பக்கமாக மடியில் வைத்துக்கொண்டேன்.

"சார், தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க."

"நான் இடக்கைக்காரன்."

"எழுதுறது எந்தக் கையில சார்?"

"வலக்கையில்."

"அப்புறம் என்ன சார்? இதையே வாங்கிக்கங்க. பழகிடும்."

அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் அந்தக் கடைசிச் சொல்லை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

1984இல் சிற்றூர்த் தொடக்கப்பள்ளி ஒன்றில் முதல் வகுப்பில் சேர்ந்தேன். இடக்கையில் பலப்பம் பிடித்தேன். ஆசிரியர் அடிக்கோலின் விளிம்பால் விரல் முட்டிகளில் தட்டி, "இடக்குப் பண்ணாதே" என்பார். இடக்கு என்னும் சொல் என் இடக்கையிலிருந்துதான் பிறந்தது என்று வெகுநாள் நம்பியிருந்தேன். வீட்டில் அடி இல்லை. உண்ணும்போதும் எழுதும்போதும் மறவாமலிருக்க, பழைய வேட்டித் துணியைக் கிழித்து என் இடது மணிக்கட்டில் அம்மா கட்டிவிடுவார். "பழகிடும்டா ராசா" என்பார். சோறு உண்ணும் கை சோற்றாங்கை என்றும் மற்றது பீச்சாங்கை என்றும் வழங்கும் ஊரில், ஒரு தாய் தன் மகன் பந்தியில் பிறர் பார்வைக்கு ஆளாகாதிருக்க வேறென்ன செய்வார்? வலம் என்பதற்கு வலிமை, வெற்றி என்றெல்லாம் பொருள் தருகின்றன அகராதிகள். இடம் என்பதற்கு வெறுமனே இடம் என்றே பொருள்.

பழகியும் விட்டது. பத்தாம் வகுப்பில் என் கையெழுத்தே வகுப்பில் சிறந்தது. இத்தகைய வெற்றிகளைப் பற்றி முறையிட எவருக்கும் வாய் வராது.

கடையிலிருந்து திரும்பிய அன்றிரவு என் இரு கைகளையும் ஒரு மாணவனின் விடைத்தாளைத் திருத்துவது போல் ஆராய்ந்தேன். எழுதுவது, உண்பது, திருநீறு பூசுவது, பணம் கொடுப்பது ஆகியன வலக்கை. சுத்தியல், தீக்குச்சி, பூட்டுச்சாவி, பந்தெறிதல் ஆகியன இடக்கை. வகுப்பறையில் சுண்ணக்கட்டி வலக்கையிலும் கரும்பலகை அழிப்பான் இடக்கையிலும் இருக்கும்; இதை ஒரு மாணவி சொல்லித்தான் நானே அறிந்தேன். பட்டியலைப் பார்க்கப் பார்க்க அதன் இலக்கணம் புலப்பட்டது. பிறர் கற்பித்தவை எல்லாம் வலக்கைக்குச் சென்றிருந்தன. எவரும் கற்பிக்காமல் நானாகச் செய்தவை இடக்கையிடம் இருந்தன. கிதாரை எனக்கு இன்னும் எவரும் கற்பிக்கவில்லை. அது எந்தப் பட்டியலில் சேரும்?

வலக்கைக் கிதாரில் கம்பிகளை இடம் மாற்றிக் கட்டிக்கொண்டால் ஆகாதா என்று மாணவரிடம் கேட்டேன். அவர் தம் கிதாரைத் திருப்பிக் காட்டி விளக்கினார். வாசிக்கும் நிலையில் தடித்த கம்பி மேலேயும் மெல்லிய கம்பி கீழேயும் இருக்க வேண்டும். கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பதியும் சிறு பட்டையின் பள்ளங்கள் ஒவ்வொரு கம்பியின் பருமனுக்கும் தனித்தனியே அறுக்கப்பட்டவை. வரிசையை மாற்றினால் தடித்த கம்பி அமராது, மெல்லியது ஆடும். மேல் ஃப்ரெட்களை விரல் எட்டுவதற்காக உடலில் வெட்டப்பட்ட வளைவு, தலைகீழாகப் பிடித்தால் தவறான பக்கத்துக்குப் போய்விடும். ஒலியளவுக் குமிழ்கள் முழங்கைக்கு அடியில் வந்து, வாசிக்க வாசிக்கத் தாமாகத் திரும்பும். இடக்கைக் கிதார் என்பது கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மரத்தில் செய்தது போன்றது.

இத்தனை இடர்களையும் மீறித் தலைகீழாக வாசித்தவர்கள் உண்டு. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1969இல் உட்ஸ்டாக் விழாவில் வாசித்தது, வலக்கையர்க்கென்று செய்யப்பட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் தலைகீழாக்கி, கம்பிகளை மாற்றிக் கட்டியதுதான். ஆல்பர்ட் கிங் கம்பிகளின் வரிசையைக்கூட மாற்றவில்லை. மெல்லிய கம்பி மேலே இருக்க, பிறர் மேல்நோக்கித் தள்ளும் கம்பியை அவர் கீழ்நோக்கி இழுத்தார். அவருடைய ஒலியின் தனித்தன்மைக்கு அந்த இழுப்பும் ஒரு காரணம். ஆனால் அவர்கள் ஹென்ட்ரிக்ஸும் கிங்கும். நான் ஒரு தமிழாசிரியன்.

மாணவர் நேர்மையானவர், எதிர்வாதத்தையும் மறைக்கவில்லை. "மார்க் நாஃப்லர் இடக்கைக்காரர்தான் ஐயா, கேரி மூரும் அப்படித்தான். ரெண்டு பேரும் வலக்கைக் கிதார்தான் வாசிச்சாங்க. யோசிச்சுப் பாருங்க, அதுல கம்பியை அழுத்துறது இடக்கை. தொடக்கத்துல கஷ்டமான வேலையே அதுதான். உங்களுக்கு அது லாபந்தானே? அதோட எந்தக் கடைக்குப் போனாலும் கிதார் கிடைக்கும், யார் வீட்டுக்குப் போனாலும் எடுத்து வாசிக்கலாம்."

மறுக்க முடியாத வாதம். இரண்டு நாள் அதையே எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு அவரிடம், தாளம் எந்தக் கையில் இருக்கிறது என்று கேட்டேன். "மீட்டுற கையில ஐயா" என்றார். விரல் அழுத்தும் இடங்களைப் பயிற்சியால் மனப்பாடம் செய்துகொள்ளலாம். மீட்டும் கை காலத்தைச் சுமக்கிறது. அது தடுமாறினால் பாட்டே தடுமாறும் என்று அவரே சொன்னார். ஒரு சோதனையும் சொல்லித் தந்தார். "கண்ணை மூடிக்கிட்டுப் பிடிச்ச பாட்டை நினைங்க. கையில கிதார் இருக்கிறதா வச்சுக்கிட்டு வாசிங்க. எந்தக் கை மீட்டப் போகுதுன்னு பாருங்க. யோசிக்கக் கூடாது."

மொட்டை மாடியில், அக்கம்பக்கத்தார் உறங்கிய பின், ஒட்டடைக்கோலை ஏந்தி அந்தச் சோதனையைச் செய்தேன். ஒரு வாரம் தொடர்ந்து செய்தேன். ஒவ்வோர் இரவும் இடக்கையே மீட்டியது. வேண்டுமென்றே மாற்றிப் பிடித்தும் பார்த்தேன். தாளம் வந்தது, ஆனால் நான் எண்ணி எண்ணி வரவழைத்த தாளமாக இருந்தது.

பழகிவிடும் என்பது பொய்யன்று. மனிதன் எதற்கும் பழகுவான் என்பதற்கு என் கையெழுத்தே சான்று. அதனாலேயே அச்சொல் எதையும் தீர்மானிக்கப் போதாததாகிறது. எந்தப் பக்கம் தள்ளினாலும் பழகிவிடும் என்றால், எந்தப் பக்கம் தள்ளுவது என்பதற்கு வேறொரு காரணம் வேண்டும். பள்ளியிலும் பந்தியிலும் அந்தக் காரணம் பிறர் கண். என் வீட்டு அறையில், ஹெட்ஃபோனுக்குள், பிறர் யாருமில்லை.

இவ்விடத்தில் பழனி சுப்பிரமணிய பிள்ளையை நினையாதிருக்க முடியவில்லை. அவர் இடக்கை மிருதங்கக் கலைஞர். மிருதங்கத்தின் இரு முகங்களுக்கே வலந்தலை, இடந்தலை என்று பெயர். கருவியின் பெயரிலேயே கை எழுதப்பட்டிருக்கிறது. அவர் வலந்தலையை இடக்கையால் வாசித்தார். வலந்தலை அவையை நோக்கி இருக்க வேண்டுமென்றால் அவர் மேடையில் மறுபக்கம் அமர வேண்டும். வயலின்காரர் இடம் மாற வேண்டும். அதற்கு இசையாதவர்களும் இருந்தனர். ஒரு மனிதனின் கைக்காக மேடையே இடம் மாற வேண்டியிருந்தது. மாறிய மேடைகளில்தான் மிருதங்கத்தின் ஒரு பெரும் பாணி நமக்குக் கிடைத்தது.

முடிவு செய்த பிறகுதான் இடக்கையாளரின் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. தேர்ந்தெடுக்க அவனுக்கு எதிரே சுவர் இல்லை. யமஹா, ஸ்கொயர், ஐபனெஸ் முதலிய நிறுவனங்கள் தொடக்கநிலையாளர்க்கான இடக்கை வடிவங்களையும் செய்கின்றன. ஆனால் எல்லா மாதிரிகளிலும் எல்லா நிறங்களிலும் செய்வதில்லை. நாங்கள் ஏறிய நான்கு கடைகளில் ஒன்றில்கூட இடக்கைக் கிதார் இருப்பில் இல்லை. ஒரு கடைக்காரர் வரவழைத்துத் தர ஒப்புக்கொண்டார். முழுத் தொகையையும் முன்னதாகக் கட்ட வேண்டும், திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெண்ணைப் பார்க்காமல் தாலி கட்டிய பழங்காலத் திருமணம் போன்றது இது. ஆகவே, தொட்டுப் பார்க்க இயலாததை வேறு வழியில் அறிந்துகொள்ள மாணவர் வழி சொன்னார். அதே மாதிரியின் வலக்கை வடிவத்தைக் கடையில் மடியில் வைத்துப் பாருங்கள். எடையும் கழுத்தின் பருமனும் தெரிந்துவிடும். கம்பிகள் மெல்லியவையாக, 9 என்று தொடங்கும் தொகுப்பாக இருக்கட்டும். அசையும் பாலம் வேண்டாம், சுருதி கலைந்தால் தொடக்கநிலையாளர் தம் காதின் மேல் ஐயம் கொள்வார். ஆம்ப் 10 வாட் போதும். கருவி வந்ததும் கம்பியின் உயரத்தைச் சரிசெய்து தர ஒருவரிடம் கொடுங்கள். அந்தச் செலவைக் கிதாரின் விலையிலேயே சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். இத்தனையும் நான் கடைப்பிடித்தேன். பிறிதோர் இடக்கைக்காரர் இதைப் படிக்க நேர்ந்தால் அவருக்கும் பயன்படும் என்றே எழுதி வைக்கிறேன்.

கிதார் வர மூன்று வாரமாயிற்று. இடையில் ஒரு மாலை மீனாட்சி கோயிலுக்குச் சென்று வெள்ளியம்பலத்தின் முன் நின்றேன். தில்லையில் இடக்காலைத் தூக்கி ஆடுபவர் இங்கே வலக்காலைத் தூக்கி ஆடுகிறார். திருவிளையாடற் புராணத்தில் கால் மாறி ஆடிய படலத்தை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். இராசசேகர பாண்டியன் தானே ஆடற்கலை கற்று, அதன் உடல்நோவை உணர்ந்த பிறகுதான், ஒரே காலில் ஊன்றி நிற்கும் இறைவனுக்கு வலிக்குமே என்று கலங்கிக் கால் மாறி ஆட வேண்டினான். பக்தியின் உச்சம் என்று தேர்வுக்குக் குறிப்பு எழுதச் சொல்வேன். அன்று அது வேறாகப் பட்டது. தான் கற்கத் தொடங்கிய பின்பே அவனுக்கு அந்தக் கால் கண்ணில் பட்டது.

கிதார் வந்தது. என் மாணவர் எதிரே அமர்ந்து கற்பிக்கிறார். அவர் வலக்கை, நான் இடக்கை. எனவே அவருடைய விரல்கள் எனக்குக் கண்ணாடியில் தெரிவது போல் தெரிகின்றன. அவர் கழுத்து நீளும் பக்கமே என் கழுத்தும் நீள்கிறது. வலக்கை மாணவருக்குக் கிட்டாத வசதி இது. நாற்பதாண்டில் இடக்கையால் எனக்குக் கிட்டிய முதல் சலுகை என்று அவரிடம் சொன்னேன்.

ஆனால் துன்பம் முழுவதும் வலக்கைக்கு வந்து சேர்ந்தது. கம்பிகளை அழுத்துவது இப்போது அதுதான். இரண்டாம் வாரத்தில் நான்கு விரல்நுனிகளிலும் கோடுகள் பதிந்து, வகுப்பில் சுண்ணக்கட்டியைப் பிடிக்க முடியவில்லை. அன்று எழுத்து கோணலாக விழுந்தது. பர்மிங்ஹாமைச் சேர்ந்த டோனி அயோமியை நினைத்துக்கொண்டேன். இடக்கைக்காரரான அவர் 1965இல் தொழிற்சாலை விபத்தில் வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்தார். கை மாற்றி வாசிக்கப் பழகாமல், பிளாஸ்டிக் குப்பியை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டு, மெல்லிய கம்பிகளைக் கட்டி வாசித்தவர். விரல் எரிந்த இரவுகளில் அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஒருநாள் மாலை ஹெட்ஃபோன் இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து கட்டிலில் அமர்ந்தார். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் வலக்கையை இழுத்து விரல்களை விரித்துப் பார்த்தார்.

"இந்தக் கையா இப்படிக் கன்றிக் கெடக்கு?"

"ஆமாம்மா."

"நான் கட்டுனது அந்தக் கையில்ல?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. உள்ளே சென்று தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, நான்கு விரல்நுனிகளிலும் மெல்லத் தேய்த்தார். பிறகு என் இடது மணிக்கட்டையும் பற்றி, மீந்த எண்ணெயை அதன் மேல் தடவினார். அங்கே வலி ஏதுமில்லை என்று நான் சொல்லவில்லை.

மறுநாள் மாணவரிடம் எண்ணெய் பூசியதைச் சொன்னபோது பதறிவிட்டார். "ஐயோ, எண்ணெய் தேய்க்காதீங்க ஐயா. தோல் இறுகணும். இன்னும் ரெண்டு வாரம், அப்புறம் பழகிடும்."

அச்சொல்லை மூன்றாம் முறையாகக் கேட்டேன். சரி என்றேன்.