பார்ப்பதும் கொடுப்பதும்

பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது சிறு குழந்தைக்குத் தெரியாததன்று. தெரிந்தபடி நடப்பதற்குத்தான் அதற்கு நெடுங்காலம் பிடிக்கிறது. ஸ்மித், பிளேக், ஹாரிஸ் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதுப் பிள்ளைகளே சமமாகப் பங்கிடுவதுதான் முறை என்று சொன்னபோதிலும், ஒட்டுப்படங்களைக் கையில் கொடுத்ததும் பெரும்பங்கைத் தமக்கே வைத்துக்கொண்டனர். சொல்லும் செயலும் ஒத்துவர ஏழெட்டு வயதாயிற்று. ஆகவே, பகிர்தல் நல்லது என்று மட்டும் சொல்லி முடிக்கும் கார்ட்டூன், பிள்ளை அறிந்ததையே அதற்கு அறிவிக்கிறது.

ஒரு பந்துக்காகக் கதை நெடுகச் சண்டையிடும் இருவர் கடைசி நிமிடத்தில் கைகோத்துச் சிரிக்கும்போது, பெரியவர்கள் சமாதானத்தைக் காண்கிறார்கள். பிள்ளையோ பெரும்பொழுதும் சண்டையைத்தான் பார்த்திருக்கிறது. மூன்று கால் நாயொன்றை முதலில் அஞ்சி ஒதுக்கிப் பின்னர் ஏற்றுக்கொள்ளும் ‘கிளிஃபோர்ட்’ தொடர்க் கதையைப் பார்த்த மழலையரில் பலர், அதன் பாடத்தை நாய்களைப் பற்றியதாகவே எடுத்துக்கொண்டனர் என்று மேரஸும் அகோஸ்டாவும் 2008இல் எழுதினர்.

விலங்குகளை மனிதரைப்போல் உடுத்திப் பேசவைக்கும் மனிதவுருவேற்றம் என்னும் உத்தியையும் இங்கே ஐயுற வேண்டியிருக்கிறது. டொரொண்டோ ஆய்வாளர்கள் ரக்கூன் ஒன்று பகிரக் கற்கும் படக்கதையை நான்கு முதல் ஆறு வயதினருக்குப் படித்துக்காட்டினர். அதே கதையை, மனிதக் குழந்தைகளின் படங்களோடு வேறு சிலருக்குப் படித்தனர். தாம் தேர்ந்தெடுத்த பத்து ஒட்டுப்படங்களில் சிலவற்றை, ஒன்றும் கிடைக்காத இன்னொரு பிள்ளைக்குத் தரலாம் என்றபோது, மனிதக் கதை கேட்டவர்கள் முன்னைவிடக் கூடுதலாகத் தந்தனர். ரக்கூன் கதை கேட்டவர்கள் அவ்வாறு தரவில்லை. அது அசையும் படமன்று, அச்சுப் புத்தகந்தான். எனினும் முயலும் கரடியும் நிறைந்த திரையை உருவாக்குவோர் இதைப் புறக்கணிப்பது சரியாகாது.

அதற்காக விலங்குக் கதைகளையே விலக்கிவிட வேண்டியதில்லை. 2012இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘டேனியல் டைகர்’ தொடரின் நாயகன் புலிக்குட்டிதான். ஆனால் அத்தொடர், கொடுத்த பொம்மை தன் முறை வரும்போது திரும்பக் கிடைக்கும் என்பதைச் சிறு பாட்டாக்கி, கதைக்குள் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுகிறது. பொருளை இழந்துவிடுவோமோ என்ற அச்சமே கொடுக்கும் கையை இழுத்துப் பிடிக்கிறது என்பதால், முறைவைத்து விளையாடுதலைக் கற்பிக்கும் அந்த வழி, தாராளத்தைப் புகழும் எந்தக் காட்சியையும்விட உண்மையானது. இத்தொடரை இரண்டு வாரம் பார்த்த பிள்ளைகளிடம் பிறர் துயரை உணரும் தன்மை கூடியதாக 2016இல் ஓர் ஆய்வு கண்டது. அந்த வளர்ச்சியும், பார்த்ததைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசும் வழக்கமுள்ள பெற்றோரின் வீடுகளில்தான் தென்பட்டது.