அதே சாக்கெட்தானே!

"தம்பி கம்ப்யூட்டர்தானே படிக்குது?" - கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் இப்படிக் கேட்டுக் கேட்டே என்னைக் கெடுத்துவிட்டார்கள், நண்பர்களே! இல்லாவிட்டால் நான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்திருக்கவே மாட்டேன்.

அப்பாவுக்கு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சின்னதாக ஒரு டி.டி.பி. கடை. அங்கே இருப்பது 2005-ல் வாங்கிய பெண்டியம் 4, மாடல் 630, 3 கிகாஹெர்ட்ஸ். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள், இத்தனை வருஷத்துக் கல்யாணப் பத்திரிகை டிசைன்கள், கண்ணீர் அஞ்சலிகள் எல்லாம் அதற்குள்ளேதான். "புதுசு வாங்கினா இதையெல்லாம் யாருடா மாத்துறது?" என்பார். நியாயம்தான். ஆனால் ஒரு படத்தைத் திருப்பச் சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்தால்தான் திரும்பியிருக்கும்!

மாற்றிக் காட்டுகிறேன் என்று 2023 ஆவணியில் கிளம்பினேன். செகண்ட் ஹேண்டில் 650 ரூபாய்க்கு ஒரு கோர் 2 குவாட் க்யூ6600 கிடைத்தது. 2007-ல் வந்த பிராசஸர். ஒரு மூளைக்கு நாலு மூளை! கண்ணை மூடிக்கொண்டு வாங்கினேன் என்று நினைக்காதீர்கள். போர்டு 945ஜி சிப்செட். சாக்கெட் 775, பிராசஸரும் 775. போர்டின் பஸ் வேகம் 1066 வரை, க்யூ6600-க்கும் 1066. பத்துப் பொருத்தமும் பார்த்தாச்சு என்றுதான் நினைத்தேன்.

அப்பா சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்த நேரம். ஹீட் சிங்கைக் கழற்றி, காய்ந்துபோன பேஸ்ட்டைச் சுரண்டி, பழையதை எடுத்துப் புதியதை வைத்தேன். என்ன அழகாக உட்கார்ந்தது தெரியுமா! ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு. ஒரு பீப் சத்தம்கூட இல்லை.

சரி, பழையதையே போட்டுவிடுவோம், யாருக்குத் தெரியப்போகிறது? அவசரத்தில் கை வழுக்கியது. பழைய பிராசஸர் சாய்வாகச் சாக்கெட்டுக்குள் விழுந்தது. 775-ல் பின்கள் பிராசஸரில் கிடையாது, போர்டில் இருக்கும். முடியை விட மெல்லிசான ஸ்பிரிங் மாதிரி 775 பின்கள். அதில் ஓரத்தில் இரண்டு மடங்கிவிட்டன. இப்போது பழைய பிராசஸருக்கும் கறுப்புத் திரைதான்.

ஐந்து மணிக்கு அப்பா வந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு கல்யாண வீட்டுக்கு ப்ரூஃப் தரவேண்டும். 400 பத்திரிகை, அட்வான்ஸும் வாங்கியாகிவிட்டது. ஃபைல் அந்த டப்பாவுக்குள். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பொண்ணோட அப்பாவுக்கு நான் என்னடா பதில் சொல்றது?" என்றார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் பாயைத்தான் கடைசியில் கூப்பிட்டோம். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, மெல்லிய இடுக்கியால் முக்கால் மணி நேரம். "இதுல வேகம் ஆகாது தம்பி, ஒடஞ்சா போச்சு" என்றவர், நிமிர்த்தியும் கொடுத்தார். ஒன்பது மணிக்கு டிஸ்ப்ளே வந்தது. கூலி வாங்க மறுத்துவிட்டார். அப்பா ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து ப்ரூஃபை முடித்தார். நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிறகுதான் தேடிப் படித்தேன். 775 சாக்கெட் 2004-ல் வந்தது. பிராசஸர் சில பின்கள் வழியாக 'எனக்கு இத்தனை வோல்ட் கொடு' என்று போர்டிடம் கேட்கும். 2006-ல் கோர் 2 வந்தபோது அந்த வோல்டேஜ் விதியே மாறிவிட்டது. அதற்கு முந்தைய பல போர்டுகளில் சாக்கெட் அதே, சிப்செட் அதே. ஆனால் மின்சாரம் கொடுக்கும் பகுதி பழசு. இது போதாதென்று, புதுப் பிராசஸரை அடையாளம் காண பயாஸிலும் அதற்கான கோடு இருக்க வேண்டும். பயாஸைப் புதுப்பிப்பதாக இருந்தால், பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே செய்துவிட வேண்டும். கழற்றின பிறகு எதை வைத்து ஆன் செய்வது? என் போர்டுக்கு அதுவும் உதவியிருக்காது. கம்பெனி வெளியிட்ட பிராசஸர் பட்டியலில் குவாட் என்ற பெயரே இல்லை. அந்தப் பட்டியலைப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்!

பழைய கதைதானே என்று நினைக்காதீர்கள். 2015-ல் வந்த 1151 சாக்கெட்டும், 2017-ல் எட்டாம் தலைமுறையோடு வந்த 1151-ம் பார்க்க ஒரே மாதிரிதான். ஆனால் உள்ளே சில பின்களின் வேலை வேறு. ஆறாம் தலைமுறை போர்டில் ஐ5-8400 கச்சிதமாக உட்காரும்; ஓடாது. அதை வாங்கிவிட்டு முழித்தவர் நம் ஹாஸ்டலிலேயே இருக்கிறார், பெயர் சொல்லமாட்டேன்!

என் க்யூ6600 கெட்டுப்போகவில்லை. லேபில் கிடந்த ஒரு ஜி41 போர்டில் போட்டுப் பார்த்தேன், முதல் தடவையே ஓடியது. கடையில் இன்னும் அதே பெண்டியம் 4. ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக ஒரு எஸ்.எஸ்.டி. மாட்டினேன். ஃபைல் சட்டென்று திறக்கிறது. படம் திரும்புவதற்குள் டீ குடிக்க இன்னமும் நேரம் இருக்கிறது.

அதை மாட்ட ஸ்க்ரூ டிரைவரை எடுத்தபோது, அப்பா கண்ணாடிக்கு மேலே பார்த்துக் கேட்டார்: "லிஸ்ட் பாத்தியாடா?"

- மூன்றாமாண்டு, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்