சாதியில்லா நாய்

நம்மவர் பேச்சில் "சாதி நாய்" என்றொரு சொல் வழங்குகிறது. வமிச வரலாறு எழுதிய காகிதத்தோடு விலைக்கு வருவது சாதி நாய். லயத்துத் திண்ணையடியில் பிறந்து எஞ்சிய சோற்றில் வளர்வது வெறும் நாய். மனிதரிடத்தில் அச்சொல்லை உச்சரிக்க நாணுகின்ற நண்பர்களும் நாயிடத்தில் அதனைக் கூசாமல் சொல்லுகிறார்கள். எங்கள் வீட்டு ஜிம்மியைக் காண்போர் முதலில் கேட்பதும் "இது என்ன சாதி?" என்பதுதான். கறுப்பு உடல், வெள்ளைக் கழுத்து, வெள்ளைப் பாதம், ஒரு காது நிமிர்ந்தும் மற்றொன்று மடிந்தும் இருக்கும். அதன் தாய் பார்டர் கோலி. 2020 ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது பட்டணத்தில் ஒருவர் அதைப் பொழுதுபோக்குக்காக வாங்கினார். கட்டுப்பாடு நீங்கியதும், அது பிள்ளைகளின் குதிகாலைக் கவ்வுகிறதென்று தோட்டத்து உறவினரிடம் தள்ளிவிட்டார். தந்தையோ பன்றி வேட்டைக்குப் போகும் தோட்டத்து நாய். அதன் பாட்டனார் எவரென்று கேட்டால் விடை சொல்வாரில்லை.

இந்தச் "சாதி" என்பது எத்துணைப் பழமையானது என்று பார்ப்போம். நாய்களின் வமிசத்தைப் பேரேட்டில் பதியும் லண்டன் கென்னல் கிளப் தோன்றியது 1873இல். இன்றுள்ள பார்டர் கோலிகளின் மூதாதையாகப் போற்றப்படும் ஹெம்ப் என்னும் நாய், 1893இல் இங்கிலாந்தின் வடகோடியில் ஓர் இடையரிடம் பிறந்தது. சாந்தமான தந்தைக்கும், கூர்த்த பார்வையும் அச்ச குணமும் உடைய தாய்க்கும் பிறந்த குட்டி அது. குணத்திற்குக் குணம் பார்த்து இணைத்தார்களேயன்றிக் குலம் பார்த்து இணைக்கவில்லை. நாம் அல்சேஷன் என்று அழைக்கும் ஜெர்மானிய நாய்க்குச் சங்கம் அமைந்தது 1899இல். நம் கொள்ளுத்தாத்தாக்கள் கப்பலேறிப் பினாங்கில் வந்திறங்கிக்கொண்டிருந்த காலத்திலேதான் இந்தச் சாதிகளெல்லாம் எழுதப்பட்டன.

நிற்க. கலப்பு நாயின் இயல்பை அறியாமல் அதனை வளர்ப்பது துன்பம். மேய்க்கும் தொழிலும் வேட்டைத் தொழிலும் ஒரே வேரில் முளைத்த இரு கிளைகள். ஓநாய் இரையைக் காணும், உற்று நோக்கும், பதுங்கி நெருங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும். மேய்ப்பு நாயில் முதல் நான்கையும் வளர்த்து, பின்னிரண்டையும் மழுங்கச் செய்தார்கள் இடையர்கள். வேட்டை நாயிலோ மோப்பத்தையும் குரலையும் கவ்வும் துணிவையும் காத்துக்கொண்டார்கள். இவ்விரண்டும் கலந்து பிறக்கும் குட்டியில் எது எவ்வளவு அமையும் என்று எவராலும் முன்னறிந்து சொல்ல முடியாது. ஜிம்மி கோழிகளைக் கண்டால் வயிறு தரையில் படப் பதுங்கி, இமை கொட்டாமல் பார்த்து, ஓசையின்றி அவற்றைக் கூட்டை நோக்கித் திருப்பும். அதே நாய் உடும்பின் வாடை பட்டால் மூக்கைத் தரையில் பதித்து, ஊரை எழுப்பும் குரலோடு பாயும். ஒரே தோலுக்குள் இருவர் குடியிருப்பது போலத் தோன்றும்.

ஜிம்மியோடு பிறந்த டைகர் என்னும் நாய், லாரி ஓட்டும் அண்டை வீட்டாரிடம் வளர்ந்தது. அவர் நல்லவர், ஆயினும் விடியுமுன் போனால் இருட்டிய பின்தான் திரும்புவார். நாய் இரண்டு முழச் சங்கிலியில் கிடந்தது. முதலில் ஓயாமற் குரைத்தது. பின்பு தன் வாலைத் தானே கடித்துப் புண்ணாக்கிக்கொண்டது. 2023இல் ஒரு மாலை சங்கிலி அறுந்தது. ஆயாக் கொட்டகையிலிருந்து ஓடிவந்த பிள்ளைகளைச் சுற்றி வளைத்து, ஒரு சிறுவனின் குதிகாலைக் கவ்விவிட்டது. தோல் கிழியவில்லை, பல் பதிந்த தடம் சிவந்திருந்தது. அவன் தாய் அழுது அரற்றியதில் நியாயம் உண்டு. எந்தத் தாயும் அழத்தான் செய்வாள். மூன்று நாளில் அந்நாயை அப்புறப்படுத்தாவிடில் சுட்டுவிடுவதென்று நிர்வாகம் அறிவித்தது. அவ்வறிவிப்பைத் தட்டச்சு செய்து பலகையில் ஒட்டியவன் நானே. கிராணி உத்தியோகத்தில் இதுவும் ஒரு பகுதி.

அன்றிரவே செம்பனைக்குள் மாடு மேய்க்கும் பெரியவரிடம் சென்றேன்.

"மாமா, இந்த நாயை ஒரு மாதம் வைத்துப் பாருங்கள்."

"கடிக்கிற நாயை என் தலையில் கட்டுகிறாயே, தம்பி!"

"கடிக்கவில்லை, மாமா. பிள்ளையை மாடென்று எண்ணி ஓட்டியிருக்கிறது."

பெரியவர் சிரித்துவிட்டார். ஆனால் அவர் அறியாதவரல்லர். முதல் பத்து நாள் நீண்ட கயிற்றில் கட்டி, மாடுகளுக்குப் பின்னே நடத்தினாரே தவிர ஓட விடவில்லை. "நில்" என்னும் ஒரு சொல்லை மாத்திரம் கற்பித்தார். ஓடக் கற்பிப்பது எளிது. அது பிறவியிலேயே உள்ளது. ஓட்டத்தின் நடுவே நிற்கக் கற்பிப்பதே கல்வி. மூன்றாம் மாதத்தில் டைகர், முப்பதுக்கு மேற்பட்ட மாடுகளை அந்திக்குள் கொட்டகைக்குத் திருப்பிவரத் தொடங்கிற்று. வாற்புண் ஆறிவிட்டது. இளங்கன்றுகளிடம் மட்டும் அதனை இன்றும் தனியே விடுவதில்லை.

எல்லோரிடமும் மாட்டுமந்தை இல்லையே எனின், மந்தை இன்றியமையாததன்று, வேலையே இன்றியமையாதது. பெரட்டுக்கு முன் முக்கால் மணி நேரம் ஜிம்மி என்னோடு நடக்கும். மாலையில் என் பழைய கையுறையைத் தழைக்குள் ஒளித்து வைப்பேன். அது தேடிக் கொணரும். வெறும் ஓட்டத்தைக் காட்டிலும் இத்தேடலே அதனை விரைவில் களைப்படையச் செய்வதைக் கண்டிருக்கிறேன். பிறகு கோழிகளைக் கூட்டில் அடைக்கும். "போதும்" என்றதும் படுத்துவிடும். இச்சொல்லையும் கற்பித்தாக வேண்டும்; இவ்வகை நாய்க்குத் தானே ஓயத் தெரியாது. பக்கத்து லயத்தில் முஸ்லிம் தொழிலாளர் இருக்கிறார்கள். அவர்கள் வாசற்பக்கம் நாய் போகாதபடி பழக்குவது அண்டை வீட்டானின் கடமை.

ஓயத் தெரியாமைதான் நம் நாட்டு வெயிலில் அதற்கு எமனாகிறது. நாயின் உடற்சூடு இயல்பாகவே 38 முதல் 39 பாகை. மனிதனைப் போல் உடலெங்கும் வியர்க்காது. மூச்சிரைத்தே சூட்டை வெளியேற்றும். 41 பாகையைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நடை தள்ளாடி, எச்சில் கெட்டியாக ஒழுகக் கண்டால், நிழலுக்குக் கொண்டுபோய்ச் சாதாரணத் தண்ணீரை உடலெங்கும் ஊற்றி, விசிறி, கால்நடை மருத்துவரிடம் விரைக.

செம்பனைத் தோட்டத்தில் எலி மருந்து மற்றோர் அபாயம். மருந்துண்ட எலியை நாய் தின்றால், சில நாள் கழித்து உள்ளே இரத்தம் கசியும்; ஈறு வெளுக்கும். காலத்தில் வைட்டமின் கே கொடுத்தால் பிழைக்கும். எந்தப் பகுதியில் எப்போது மருந்து வைத்தார்கள் என்பது என் அலுவலகப் பேரேட்டில் இருக்கிறது. அப்பக்கம் ஜிம்மியை விடேன். பேரேடு கைவசம் இல்லாதவர்கள் கிராணியைக் கேட்கலாம். கேட்பதற்குக் கூச்சம் வேண்டா.

உண்ணி கண்டால் மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை நாய்க்கும் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. கோலி இரத்தம் கலந்த நாய்க்கு இது நஞ்சாகலாம். கோலி வகையில் பெரும்பாலானவற்றில் எம்.டி.ஆர்.1 என்னும் மரபணு பழுதுற்றிருப்பதையும், அதனால் மருந்து மூளைக்குள் ஏறிவிடுவதையும் 2001இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். பார்டர் கோலியில் இப்பழுது அரிதே. எனினும் பாட்டன் இன்னாரென்று அறியாத நாயில் அளவு தெரியாமல் ஊசி போடுவது சூதாட்டம். டைகருக்கு உண்ணி கண்டபோது பெரியவர் மாட்டு மருந்துப் புட்டியைக் கையில் எடுத்துவிட்டார். நல்லவேளையாகக் கேட்டுவிட்டுப் போடலாமென்று என்னிடம் வந்தார். மருத்துவர் வேறு மாத்திரை தந்தார். உண்ணியை அலட்சியம் செய்தலும் கூடாது. 1960களின் பிற்பகுதியில் வியட்நாமில் அமெரிக்கப் படையின் நாய்கள் பல உண்ணிக் காய்ச்சலால் மடிந்தன. வெறிநோய்த் தடுப்பூசியையும் தள்ளிப்போடலாகாது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017இல் சரவாக்கிலும் அந்நோய் மீண்டும் தலைகாட்டிற்று.

இனி வேட்டை. ஜிம்மியின் தந்தையினது புகழால், விடுமுறை நாளில் அதனை இரவல் கேட்போர் பலர். 2010 ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி காட்டுப்பன்றியை வேட்டையாட உரிமம் வேண்டும். கேட்பவர்களிடம் அது இருப்பதில்லை. பன்றியின் கோரைப்பல் நாயின் வயிற்றைக் கிழிக்கும். பரிசாக வீசும் பச்சை இறைச்சியோ ஆஜெஸ்கி என்னும் நோயைக் கொணரக்கூடும். அது கண்ட நாய் இரண்டொரு நாளில் இறக்கும். இவற்றையெல்லாம் சொன்னால், "கிராணிக்குப் படிப்பு அதிகம்" என்று நகைக்கிறார்கள். ஆயினும் ஞாயிறுதோறும் எவரேனும் வருகிறார்கள். தேநீர் கொடுத்து அனுப்புகிறேன், நாயைக் கொடுப்பதில்லை.